தோட்டம் ஏற்காட்டில், பிள்ளை துபாயில்

டிசம்பரில் சேர்வராயன் மலைக்குப் போனால், சிமெண்டுக் களத்தில் காயும் காபிப் பழத்தின் புளிப்பு வாடை வழியெல்லாம் கூடவே வரும். அப்படியொரு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் ஒரு பெரியவர் என்னிடம் யோசனை கேட்டார். ஆறு ஏக்கர் காபி, நிழலுக்கு சில்வர் ஓக், மரமேறிய மிளகுக் கொடி. ஒரே மகன் துபாயில்.

“தம்பி, எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு. கண்ணை மூடறதுக்குள்ள அவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டா நிம்மதி.”

“வேண்டாங்க ஐயா, உயில் எழுதுங்க” என்றேன்.

நம் ஊரில் பெற்றவர் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் என்று தானமாக எழுதிவைப்பது சாதாரணம். ஆனால் வேலைக்காக வெளிநாடு போய்விட்ட பிள்ளையை, கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும், ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வெளிநாட்டில் வசிப்பவராகத்தான் பார்க்கிறது. அவர் வீடோ மனையோ வாங்கலாம், உறவினரிடமிருந்து தானமாகவும் பெறலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றை மட்டும் விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. உயிலில் இன்னொரு நன்மை, உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவதே நல்லது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஏற்காட்டில் புதிதாக வாங்க நினைப்பவர்கள் விளம்பரத்தில் இருக்கும் ‘வில்லா பிளாட்’ என்ற பெயரை நம்ப வேண்டாம். பட்டாவிலும் வருவாய்ப் பதிவிலும் அது இன்னும் தோட்டமாக இருந்தால், சட்டத்துக்கும் அது தோட்டம்தான். டி.டி.சி.பி. என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவலையும் மலைப்பகுதிக்கான அனுமதியையும் கண்ணால் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். தோட்டமே வேண்டும் என்றால், நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகு வாங்குவதே முறை.

அடுத்தது வங்கிக் கணக்கு. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அசலும் வட்டியும் தடையில்லாமல் திரும்பப் போகும். ஆனால் காபி விற்ற பணத்தை அதில் நேராகக் கட்ட முடியாது. அதற்கு என்.ஆர்.ஓ. கணக்குதான், பழைய சேமிப்புக் கணக்கையும் அப்படி மாற்றியாக வேண்டும். இதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். ரூபாய் மதிப்பு இறங்குமோ என்று பயப்படுபவருக்கு எஃப்.சி.என்.ஆர். வைப்பு, ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை வெளிநாட்டு நாணயத்திலேயே இருக்கும். தோட்டம் வைத்திருப்பவருக்கு என்.ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. பறிப்புக்கூலி முதல் உரம் வரை எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுக்கலாம்.

வாரிசாக வந்த தோட்டத்தைப் பின்னாளில் விற்கலாம், இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். அந்தப் பணம் என்.ஆர்.ஓ.வுக்கு வந்து, ஒரு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை, ஆடிட்டர் சான்றோடு வெளியே போகலாம்.

தோட்டத்தைக் கவனிக்க ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வரி கட்டுவதற்கென்று என் உறவினர் ஒருவர் கொடுத்த பொது பவரில், அவருக்கே தெரியாமல் தோட்டத்தில் ஒரு பகுதி கைமாறிப் போனது. அதனால் என் யோசனை தனி பவர்தான். பட்டா மாற்றம், காபி விற்பனை, கூலி, வரி என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரம் இல்லை என்பதையும் எழுத்தில் வையுங்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும், ஆகவே அது உயிலுக்கு மாற்று ஆகாது. கிரயப் பத்திரம் பதியாமல் பொது பவரை மட்டும் வைத்து நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் ஊர் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.