ஆற்றங்கரையில் ஏன் இத்தனை விலங்குகள்?



பள்ளி விடுமுறை வந்தா எங்கே போகலாம்னு ஒரு பெரிய விவாதமே நடக்கும். கேமரன் மலை, லங்காவி, பினாங்கு என்று பட்டியல் நீளும். சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆறு அந்தப் பட்டியலில் அதிகம் வருவதில்லை. ஆனால் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்க. "இரண்டு மணி நேரம் படகில் போனோம், மிருகக்காட்சி சாலையில்கூட இவ்வளவு பார்த்ததில்லை" என்பார்கள்.

இந்தப் பாடம் அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்குது. அடர்ந்த மழைக்காட்டுக்குள் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு பெரிய விலங்கைப் பார்ப்பது அரிது. இந்த ஆற்றங்கரையில் மட்டும் ஏன் இத்தனை விலங்குகள்? கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்க. படகுப் பயணம் முடிந்ததும் பதிலுக்கு வருவோம்.

ஆறும் அதன் நிலமும்

கினாபாத்தாங்கான் சபாவின் மிக நீளமான ஆறு. நீளம் 560 கிலோமீட்டர். சபாவின் உள்நாட்டு மலைகளில் பிறந்து, கிழக்கே சூலு கடலில் கலக்கிறது. சண்டாக்கான் பட்டணத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் சுக்காவ் என்ற ஆற்றோரக் கம்போங் வரும். பிலிட், பத்து பூத்தே ஆகிய ஊர்களும் இதே ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. காலங்காலமாக இங்கே வாழ்பவர்கள் 'ஓராங் சுங்கை', அதாவது ஆற்று மக்கள்.

2005-ஆம் ஆண்டு சபா அரசு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டர் நிலத்தை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கும் கீழே, கடலை ஒட்டிய கண்டல் காடுகளும் சதுப்பு நிலங்களும் 'கீழ் கினாபாத்தாங்கான்–செகாமா ஈரநிலம்' என்ற பெயரில் 2008-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதன் பரப்பு 78,803 ஹெக்டர். ராம்சார் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக உடன்படிக்கை 1971-இல் அங்கே கையெழுத்தானதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளம் செய்யும் வேலை

நமக்கு வெள்ளம் என்றாலே பயம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இந்த நிலத்துக்கு வெள்ளம்தான் உயிர். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆறு கரை தாண்டிக் காட்டுக்குள் பரவும். கூடவே வண்டல் மண் வந்து படியும். மீன்கள் காட்டுக்குள் நீந்திப் போய் உதிர்ந்த பழங்களைத் தின்னும். தண்ணீர் வடிந்த பிறகு அந்த மண்ணில் புல்லும் செடியும் தளதளவென்று முளைக்கும். யானைக்குத் தீனி அங்கிருந்துதான்.

சமவெளியில் ஓடும் ஆறு நேராக ஓடாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். வளைவின் வெளிப்பக்கம் கரை அரிக்கப்படும், உட்பக்கம் மண் சேரும். ஆண்டுகள் போகப் போக வளைவு பெரிதாகி, கடைசியில் ஆறு குறுக்கே வழி பிடித்து ஓடிவிடும். பழைய வளைவு மட்டும் பிறை வடிவ ஏரியாக நிற்கும். மலாயில் இதை 'டானாவ்' என்பார்கள். நீரோட்டம் இல்லாத இந்த ஏரிகள் மீனுக்கும் பறவைக்கும் நல்ல இடம். பூகோளப் புத்தகத்தில் படம் போட்டுப் படித்ததை இங்கே கண் முன்னால் பார்க்கலாம்.

படகில் ஏறுவோம்

மாலை நான்கு மணி வாக்கில் படகுகள் கிளம்பும். அந்த நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. நீள்மூக்குக் குரங்குகள் பகலில் காட்டுக்குள் இலை தின்னப் போய்விட்டு, இருட்டுவதற்குள் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வந்துவிடும். போர்னியோ தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. ஆண் குரங்குக்குத் தொங்கும் பெரிய மூக்கு, பானை வயிறு. பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் அந்த வயிறு சாதாரணமானதல்ல. மாட்டுக்கு இருப்பது போல் பல அறைகள் கொண்டது. மற்ற விலங்குகள் ஒதுக்கும் இலைகளைக்கூட அங்கே நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் செரிக்கும்.

இந்த வட்டாரத்தில் மட்டும் பத்து வகைக் குரங்கினங்கள் உண்டு. ஓராங் ஊத்தானும் அதில் ஒன்று. போர்னியோவில் வாழும் எட்டு வகை இருவாய்ச்சிப் பறவைகளும் இங்கே இருக்கின்றன. இருவாய்ச்சி சிறகடித்தால் 'வூஷ் வூஷ்' என்று சத்தம் கேட்கும். பார்க்கும் முன்பே வருவது தெரிந்துவிடும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவைதான் மாதக்கணக்கில் பழம் கொண்டு வந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும்.

கரையில் நீருடும்பு படுத்திருக்கும். சேற்றோடு சேறாக உப்புநீர் முதலை கிடக்கும். அதனால் படகுக்கு வெளியே கையைத் தொங்கப் போடக் கூடாது. அதிர்ஷ்டம் இருந்தால் யானைக் கூட்டமே கரையில் புல் மேய்வதைப் பார்க்கலாம். போர்னியோ யானை மற்ற ஆசிய யானைகளைவிட உருவத்தில் சிறியது. இந்த இனத்தில் மொத்தமே சுமார் 1,000 யானைகள்தான் மிஞ்சியிருக்கும் என்பது கணிப்பு.

இப்போது பதிலுக்கு வருவோம்

இத்தனை விலங்குகள் கரையில் தெரிவதற்கு நல்ல காரணமும் உண்டு, வருத்தமான காரணமும் உண்டு. தண்ணீரும் தீனியும் இருப்பதும், குரங்கு தூங்க வருவதும் இயல்பானவை. வருத்தமான காரணம், கரையை விட்டால் அவற்றுக்குப் போக இடம் குறைவு என்பது.

சரணாலய வரைபடத்தைப் பாருங்க. 26,000 ஹெக்டர் என்பது ஒரே காடு அல்ல. ஆற்றின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும் பத்துத் துண்டுகள். நடுவிலும் பின்னாலும் செம்பனைத் தோட்டங்கள். சில இடங்களில் கரையோர மரங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாலே செம்பனை வரிசை தெரியும். முன்பு பரந்த காட்டில் பிரிந்து வாழ்ந்த விலங்குகள் இன்று ஒரு பச்சை ரிப்பனுக்குள் நெருக்கியடித்து வாழ்கின்றன. நாம் படகில் உட்கார்ந்து "ஆஹா, எவ்வளவு!" என்கிறோம். கண்ணுக்கு நிறையத் தெரிவதால் எண்ணிக்கையும் நிறைய இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சபாவின் 1998-ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம், மூன்று மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள ஆறுகளின் இரு கரையிலும் 20 மீட்டர் நிலத்தை ஒதுக்கச் சொல்கிறது. 20 மீட்டர் என்றால் ஏறத்தாழ ஒன்றரை பூப்பந்துத் திடலின் நீளம். கரை சரியாமல் இருக்க அது உதவும். ஒரு யானைக் கூட்டம் நடமாட அது போதுமா? நீங்களே சொல்லுங்க.

செம்பனையைத் திட்டலாமா?

இங்கே நாம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டப்புறத்திலிருந்து வந்தவைதான். தாத்தா பால்மரம் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை தள்ளினார். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். இன்றும் நம் வீட்டில் அப்பளம் பொரிவது பெரும்பாலும் செம்பனை எண்ணெயில்தான். சபாவின் கிராமத்து மக்களுக்கும் அது வருமானம். எனவே, "தோட்டக்காரன் கெட்டவன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

அதே சமயம், "நமக்குச் சோறு போட்டது, அதனால் கேள்வி கேட்கக் கூடாது" என்பதும் சரியல்ல. எங்கே நடுவது, எங்கே நடாமல் விடுவது என்பதே கேள்வி. வெள்ளம் அடிக்கடி ஏறும் தாழ்நிலத்தில் செம்பனை நன்றாகக் காய்க்காது. இளங்கன்றுகள் மூழ்கிச் செத்துப்போகும். அப்படிப்பட்ட நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்தால் தோட்டத்துக்குப் பெரிய நட்டமில்லை, யானைக்கோ வழி கிடைக்கும்.

துண்டுகளை இணைக்கும் வேலை

இந்த வேலை ஏற்கெனவே நடக்கிறது. ஓராங் ஊத்தானுக்கு நீந்தத் தெரியாது. முன்பு கிளைகள் ஓடையின் மேல் கைகோத்து நிற்கும்; அது அப்படியே தாண்டிவிடும். மரம் வெட்டிய பிறகு ஒரு சின்ன ஓடைகூட அதற்குச் சுவர்தான். அதனால் 2003-இலிருந்து ஓடைகளுக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. பழைய தீயணைப்புக் குழாய்கள்கூட இதற்குப் பயன்பட்டன. மற்ற குரங்குகள் பாலத்தில் ஏறின. ஓராங் ஊத்தான் பாலத்தைக் கடக்கும் படம் கிடைத்தது 2010-இல்தான். ஏழு வருடம்! நம்மில் எத்தனை பேர் ஏழு வாரம் பொறுப்போம்?

இருவாய்ச்சிக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. பெரிய பழைய மரங்கள் போய்விட்டதால் இன்று செய்கூடுகள் கட்டி உயர மரங்களில் மாட்டுகிறார்கள். பத்து பூத்தே மக்கள் கோப்பெல் என்ற கூட்டுறவின் வழி தங்கள் துங்கோக் ஏரியை மூடியிருந்த சல்வீனியா என்ற களைச்செடியை அகற்றினார்கள், மரக்கன்றுகளும் நட்டு வருகிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடமும் படகும் அவர்களுக்கு வருமானம் தருகின்றன. காடு இருந்தால்தான் அந்த வருமானம் இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நீங்கள் போகும்போது

• விலங்கைக் கண்டதும் கத்தாதீங்க. படகோட்டியிடம் "இன்னும் கிட்டே போங்க அண்ணே" என்று வற்புறுத்தாதீங்க.
• குரங்குக்கு ரொட்டி, பழம் எதுவும் போடக் கூடாது. இனிப்பான பழுத்த பழம்கூட நீள்மூக்குக் குரங்கின் வயிற்றில் அளவுக்கு மீறிப் புளித்து ஆபத்தாகலாம்.
• இரவுப் படகில் தூங்கும் பறவையின் கண்ணில் விளக்கடித்துப் படம் எடுக்க வேண்டாம்.
• முடிந்தால் கிராம மக்கள் நடத்தும் தங்குமிடத்தில் தங்குங்கள்.
• ஒரு குறிப்பேடு கொண்டு போங்க. பார்த்த விலங்கு, நேரம் ஆகியவற்றோடு, அதற்குப் பின்னால் என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்க. காடா, செம்பனையா, வேலியா?

கலந்துரையாட

1. உங்கள் வட்டாரத்தில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன? அது எங்கே பிறந்து எங்கே கலக்கிறது?
2. அதன் கரையில் மரங்கள் எத்தனை மீட்டருக்கு இருக்கின்றன? அடுத்த சந்திப்புக்கு முன் நாலு பேர் போய் அளந்து வாருங்க.
3. தோட்டத்தில் வேலை செய்த ஒரு தாத்தாவையோ பாட்டியையோ கேளுங்க: காடாக இருந்தபோது அங்கே என்னென்ன விலங்குகளைப் பார்த்தார்கள்? எப்போதிலிருந்து அவை காணவில்லை?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கட்டாயம் எழுதி வையுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.