ஒரு விசைப்பலகை, இரு கணிப்பொறிகள்

எங்கள் தமிழ்த்துறை அறையில் ஒரே மேசைமீது இரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. இடப்பக்கம் இருப்பது பழையது. விண்டோஸ் எக்ஸ்பி இயக்கத்தில், பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி எழுத்துருவும் கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் இருப்பது புதியது; ஒருங்குறியில் இயங்குவது; தமிழ்99 விசையமைப்புக் கொண்டது. இவ்விரண்டையும் ஒரே விசைப்பலகையாலும் ஒரே சுட்டியாலும் இயக்குவது எவ்வாறு, அங்ஙனம் இயக்கும்போது தமிழெழுத்துக்கு நேர்வது யாது என்பனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பொறியை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் எனக் கேட்போர் உளர். எம் துறையில் பணியாற்றி மறைந்த பேராசிரியர் ஒருவர், நெசவாளர் பேச்சில் வழங்கும் சொற்களைப் பல்லாண்டுகள் தறிக்கூடங்களுக்கு நடந்து சென்று தொகுத்தார். பாவு, ஊடை, நாடா என அகராதியில் இடம்பெற்ற சொற்களோடு, அகராதிகளில் இடம்பெறாத சொற்களும் அத்தொகுதியில் உண்டு. அவர் தம் கையாலேயே தட்டச்சிட்ட அத்தொகுதி அச்சேறவில்லை. கைப்படியாக இருந்த சீட்டுகளும் இப்போது இல்லை. எஞ்சியிருப்பது அப்பழைய பொறியில் உள்ள கோப்பு ஒன்றே.

அக்கோப்பை அப்படியே புதிய பொறிக்குப் பெயர்த்துவிட முடியாதா எனின், முடியும். ஆனால் பிழையின்றி முடியாது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால் கணிப்பொறி தன் நினைவில் வைத்துக்கொள்வது தமிழெழுத்தை அன்று. ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகள் நான்கையும் ஓர் அரைப்புள்ளியையுமே அது சேமிக்கிறது. அவற்றுக்குத் தமிழ் உருவம் தீட்டிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் ஆங்கிலக் குப்பையே தெரியும். எழுத்துமாற்று மென்பொருள்கள் இதனை ஒருங்குறியாக்கித் தருகின்றன. ஆயினும் உண்மையான ஆங்கிலச் சொல் எது, தமிழுக்காக நிற்கும் ஆங்கில எழுத்து எது என அவை பல நேரங்களில் பகுத்தறிவதில்லை. பேராசிரியர் தறி என்னும் சொல்லுக்கு நேராக ‘லூம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். மாற்றிய பின் அவ்விடத்தில் ‘டழழஅ’ என்று வந்து நின்றது! இவ்வட்டார வழக்கை முதன்முதலாகக் காணும் மாணவர் இதனையும் ஒரு நெசவுச் சொல்லாகக் கருதிவிடக்கூடும். ஆகவே இடப்பக்கத் திரையில் மூலத்தைப் பார்த்து, வலப்பக்கத் திரையில் திருத்துவதே வழியாயிற்று. இரு பொறிகளும் ஒருசேர இயங்கவேண்டிய தேவை இங்ஙனம் எழுந்தது.

மேசையோ சிறியது. இரண்டு விசைப்பலகைகளையும் இரண்டு சுட்டிகளையும் பரப்பிய பின் நூலை விரித்துவைக்க இடமில்லை. ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு மற்றதன் சுட்டியை உருட்டுவதும் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. ஒரே விசைப்பலகையின் கம்பியை மாறி மாறிப் பிடுங்கிச் செருகலாம் என்றார் நண்பர் ஒருவர். ஒரு பக்கத்திற்கு இருபது முறை பொறியின் பின்புறம் குனிவது நாற்பது வயதைக் கடந்தவர்க்கு ஏற்ற பயிற்சியன்று.

யூ.எஸ்.பி. என்னும் இணைப்புமுறையின் முதல் வரையறை 1996ஆம் ஆண்டு சனவரியில் வெளியாயிற்று. அதற்குமுன் விசைப்பலகைக்கு ஒரு செருகுவாய், சுட்டிக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு வேறொன்று எனப் பொறியின் பின்புறம் பலவகைத் துளைகள் இருந்தன. பொறி இயங்கும்போது அவற்றுள் பலவற்றைக் கழற்றுவதும் தகாது. யூ.எஸ்.பி. வந்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே வகைத் துளை போதுமானதாயிற்று. இயங்கும்போதே கழற்றவும் செருகவும் இயன்றது.

இம்முறையின் அடிப்படை விதி ஒன்றை மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும். கருவி தானாகப் பேசாது. கணிப்பொறி கேட்டால்தான் விடை கூறும். வகுப்பறையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணைச் சொல்ல, அவ்வெண்ணுக்கு உரியவர் மட்டும் ‘உள்ளேன் ஐயா’ என்பதைப் போன்றது இது. இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் கணிப்பொறி 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றை வழங்கி, நொடிக்குப் பலமுறை ‘ஏதேனும் உண்டா’ என்று வினவிக்கொண்டே இருக்கிறது. ஒரு வகுப்புக்கு ஆசிரியர் ஒருவரே என்பது போல, ஓர் இணைப்புத் தொடருக்குத் தலைமை தாங்கும் கணிப்பொறியும் ஒன்றே.

விசைப்பலகையின் கம்பியைக் கவைபோல் இரண்டாகப் பிரித்து இரு பொறிகளிலும் செருகிவிட்டால் என்ன என்னும் வினாவுக்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் ஒரே நேரத்தில் பெயர் அழைத்தால் எக்குழப்பம் விளையுமோ அதுவே விளையும். கடைகளில் கிடைக்கும் ‘ஹப்’ என்னும் கிளைப்பெட்டியும் இதற்கு உதவாது. அது ஒரு கணிப்பொறிக்குப் பல கருவிகளைச் சேர்ப்பது; ஒரு கருவியை இரு கணிப்பொறிகளுக்குப் பொதுவாக்குவது அன்று.

இவ்விடத்தில்தான் யூ.எஸ்.பி. சுவிட்ச் துணைசெய்கிறது. உள்ளங்கை அளவே உள்ள சிறு பெட்டி அது. அதன் ஒருபுறம் இரண்டு கணிப்பொறிகளுக்குச் செல்லும் இரண்டு கேபிள்கள். மறுபுறம் விசைப்பலகை, சுட்டி முதலியவற்றைச் செருகும் துளைகள். மேலே ஒரு பொத்தான். எந்தப் பொறியோடு தொடர்பு இருக்கிறதோ அதனைச் சிறு விளக்கு காட்டும். நாங்கள் வாங்கிய பெட்டியின் விலை ஒரு நல்ல அகராதியின் விலையைத் தாண்டவில்லை.

பொத்தானை அழுத்தியதும் நிகழ்வது இதுதான்: செய்தி செல்லும் கம்பிகள் பழைய பொறியிலிருந்து துண்டிக்கப்பட்டுப் புதிய பொறியோடு சேர்க்கப்படுகின்றன. பழைய பொறி, யாரோ விசைப்பலகையைப் பிடுங்கிவிட்டதாகவே எண்ணுகிறது. புதிய பொறி, இப்போதுதான் ஒன்றைச் செருகினார்கள் என்று கருதி, ‘நீ யார், எவ்வகைக் கருவி’ என்று வினவி, எண் கொடுத்துப் பதிவேட்டில் சேர்க்கிறது. இதற்கு ஓரிரு நொடிகள் ஆகும். அந்நொடிகளில் அழுத்திய விசைகள் எங்கும் போய்ச் சேர்வதில்லை. பொறுமையற்றோர் சொல்லின் முதலெழுத்து விழவில்லையென்று சுவிட்சைக் குறைகூறுவர். குறை அவர்தம் விரைவிலேயே உள்ளது.

இனித் தமிழ் மாணவர் கருதத்தக்க பகுதிக்கு வருவோம். எங்கள் சுவிட்சைப் பொருத்திய முதல் நாள், வலப்பக்கத் திரையைப் பார்த்தவாறு ‘படம்’ என்று தட்டினேன். அத்திரையில் ஒன்றும் தோன்றவில்லை. நிமிர்ந்து இடப்பக்கம் பார்த்தால், அங்கே ‘தழமக’ என்று விழுந்திருந்தது. பொத்தான் பழைய பொறியின் பக்கம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. விரல்கள் தட்டியவை ‘படம்’ என்பதற்குரிய அதே நான்கு விசைகளே. விளைந்தது வேறு சொல். இல்லை, சொல்லே அன்று.

காரணம் என்ன? விசைப்பலகைக்கு எழுத்தறிவு கிடையாது. விசையின் மேல் எந்த எழுத்தை அச்சடித்திருந்தாலும், எந்தத் தமிழ் ஒட்டுப்படத்தை ஒட்டியிருந்தாலும், அது கணிப்பொறிக்கு அனுப்புவது இடத்தைக் குறிக்கும் எண்ணை மட்டுமே. ‘படம்’ என்று தமிழ்99 முறையில் தட்டும்போது செல்லும் எண்கள் 13, 18, 14, 9 என்பனவாம். இவற்றைப் பெற்ற புதிய பொறி ப, ட, ம, புள்ளி என்று கொள்கிறது. பழைய பொறியோ ஜே, ஓ, கே, எஃப் என்னும் ஆங்கில எழுத்துகளாகக் கொள்ள, பாமினி அவற்றுக்குத் த, ழ, ம, க என்னும் உருவங்களைத் தீட்டுகிறது. 14ஆம் எண் மட்டும் இரண்டிலும் மகரமாக அமைந்தது தற்செயல் ஒற்றுமை. ஹெச் விசைக்குரிய 11 என்னும் எண்ணோ ஒன்றில் ககரம், மற்றொன்றில் துணைக்கால்! எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு கூறுவது இலக்கண மரபு. விசைப்பலகையில் பிறப்பது இவ்விரண்டும் அன்று, வெறும் இடவெண்.

இதனைக் கண்ணால் காண விரும்புவோர் ‘கேப்ஸ் லாக்’ விளக்கைப் பார்க்கலாம். ஒரு பொறியில் அதனை ஏற்றிவிட்டு மற்றொன்றுக்கு மாறினால், பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். திரும்ப வந்தால் எரியும். அவ்விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் கணிப்பொறியின் ஆணையே.

சுவிட்ச் பகிர்ந்தளிப்பது விசைப்பலகையை மட்டுமே. விசையமைப்பு ஒவ்வொரு பொறியின் உள்ளேயே தங்கிவிடுகிறது. அவ்வாறாயின் இரண்டு பொறிகளிலும் ஒரே அமைப்பை வைத்துக்கொண்டால் விரல்களுக்குத் தடுமாற்றம் இராதே எனலாம். பாமினி முறையில் தட்டினாலும் ஒருங்குறியில் எழுத்தைத் தரும் மென்பொருள்கள் உள்ளன. பழைய தட்டச்சுப் பொறியின் ய, ள, ன, க என்னும் நடுவரிசையே பாமினியிலும் தொடர்வதால், தட்டச்சுப் பயின்ற மூத்தோர்க்கு அதுவே எளிது. மறைந்த பேராசிரியரும் அவ்வாறு பழகியவரே. எனினும் மாணவர்க்குத் தமிழ்99 முறையையே நான் பரிந்துரைக்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. வசதி மட்டுமன்றி இலக்கணமும் அதில் இருக்கிறது. பாமினியில் ‘கொ’ என்று எழுத, ஒற்றைக்கொம்பை முதலிலும் ககரத்தை நடுவிலும் காலை இறுதியிலும் தட்டவேண்டும்; கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. தமிழ்99இல் ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் போதும். மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் வரிசை இது. ‘பக்கம்’ என்பதற்கு ககரத்தை இருமுறை தட்டினாலே முதற்ககரம் தானே புள்ளி பெறும். உயிர்மெய்யைப் பிரித்துக் காட்டக் கரும்பலகையில் நாங்கள் படும் பாட்டை விசைப்பலகை எளிதாகச் செய்துவிடுகிறது.

ஆகவே எங்கள் அறையில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இடப்பக்கம் படிப்பதற்கு மட்டும், வலப்பக்கம் எழுதுவதற்கு. பழைய பொறியில் அம்புக்குறி விசைகளும் பக்கம் நகர்த்தும் விசைகளும் அன்றி வேறெதையும் தொடுவதில்லை. அவை இரு பொறிகளிலும் ஒரே பொருள் தருபவை. மூலக் கோப்பையும் எழுத இயலாதவாறு படிக்கமட்டும் திறக்கும்படி அமைத்துவிட்டோம்.

கணிப்பொறி அறிந்த இளைஞர் சிலர், பெட்டியே வேண்டாம், வலையிணைப்பின் வழியே ஒரு சுட்டியை இரு திரைகளிலும் ஓடச்செய்யும் மென்பொருள்கள் உள்ளனவே என்றனர். உண்மையே, சுட்டி ஒரு திரையின் விளிம்பைக் கடந்து மற்றதில் நுழைவது கண்கொள்ளாக் காட்சிதான். ஆயின் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வழங்கிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அத்தகைய பொறியை வலையில் இணைப்பது பூட்டில்லாத பெட்டகத்தைத் தெருவில் வைப்பதாகும். சுவிட்ச் இரு பொறிகளுக்கும் இடையே எந்த வலையையும் உண்டாக்குவதில்லை. திரையையும் சேர்த்து மாற்றும் கே.வி.எம். என்னும் வகையும் உண்டு. இரு திரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய எங்களுக்கு அது பயன்படாது.

எச்சரிக்கை இரண்டு. சில பழைய பொறிகள், தொடங்கும்போது விசைப்பலகை தம் பக்கம் இல்லையெனில் ‘விசைப்பலகை இல்லை, தொடர எஃப் 1ஐ அழுத்துக’ என்று அறிவித்து நின்றுவிடும். இல்லாத பலகையில் எதனை அழுத்துவது! பொத்தானை அப்பொறியின் பக்கம் வைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் இத்தொல்லை இல்லை.

மற்றொன்றை நான் இழப்பின் வழியே கற்றேன். சுவிட்சில் எஞ்சியிருந்த துளையில் பென் டிரைவைச் செருகி, பழைய பொறியில் படியெடுத்துப் பொத்தானை அழுத்திப் புதியதில் இறக்கிக்கொள்வது மிக வசதியாக இருந்தது. ஒருநாள் மாலை, படியெடுப்பு முடியுமுன்னரே பழக்கத்தால் பொத்தானை அழுத்திவிட்டேன். விசைப்பலகைக்கு அது வெறும் இடமாற்றம். பென் டிரைவுக்கோ எழுதிக்கொண்டிருக்கும் கையைத் தட்டிவிட்டது போன்றது. கோப்பு சிதைந்தது, அதிலேயே இருந்த அன்றைய திருத்தங்களும், தகர வரிசையில் நாற்பது சொற்கள், உடன் சிதைந்தன. மூலம் பழைய பொறியில் இருந்தமையால் பேராசிரியரின் உழைப்பு தப்பியது. என் உழைப்புப் போயிற்று. அன்றுமுதல் அத்துளையில் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டோம். பென் டிரைவை நேரே அந்தந்தப் பொறியில் செருகி, முறைப்படி வெளியேற்றிய பின்னரே எடுக்கிறோம். சொற்றொகுதியின் படி ஒன்று இப்போது நூலகக் கணிப்பொறியிலும் இருக்கிறது.

தகர வரிசையை மறுபடியும் செய்து முடித்தாயிற்று. இவ்வாண்டு முதுகலை மாணவர் இருவர் பிற்பகல்தோறும் வந்து அமர்கின்றனர். ஒருவர் இடத்திரையைப் படிக்க, மற்றவர் வலத்திரையில் திருத்துகிறார். பொத்தான் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது பகர வரிசையில், ‘பாவு’ என்னும் சொல்லின் கிளைச்சொற்கள் நடந்துகொண்டிருக்கின்றன.