சாபமா? வியாதியா?
(வேத பாடம்)





ஒரு தாயார் தன் மகளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். பெண்ணின் முன்கையில் உணர்ச்சியற்ற தேமல். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. "ஐயா, இது எங்கள் குடும்பத்துச் சாபமாம். அதை முறிக்க எட்டு மாதமாகக் கூட்டம் கூட்டமாய்ப் போய் ஜெபித்தோம். முன்னோர் பாவத்தையெல்லாம் அறிக்கை செய்துவிட்டோம். இன்னும் யாருடைய பாவம் மீதி இருக்கிறது?" என்று அழுதார்.

அது தொழுநோய். விரல்கள் மடங்கத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால், நரம்பை மருந்தினாலேயே மீட்கும் வாய்ப்பு மிகுதி. அந்த எட்டு மாதத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆகவே அந்தத் தாயாரின் கேள்வியையே இந்த மாதம் நாம் தியானிப்போம்.

1. சாபம் என்றால் என்ன?

சாபம் உண்டென்று வேதம் சொல்லுகிறது. உபாகமம் 28-ம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆனால் அது கீழ்ப்படியாமையின்மேல் தேவன் கூறும் நியாயத்தீர்ப்பு. மனுஷர் நினைத்தபடி ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும் சக்தி அல்ல. பாலாக் ராஜா கூலி பேசி அழைத்தும், பிலேயாமின் வாயிலிருந்து ஆசீர்வாதமே வந்தது (எண்ணாகமம் 22–24). காரணமில்லாத சாபம் தங்காது என்கிறது நீதிமொழிகள் 26:2.

"பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகள்மேல் வருமே?" என்று கேட்பீர்கள். யாத்திராகமம் 20:5 தேவனைப் பகைக்கிறவர்களைக்குறித்துச் சொல்லுகிறது. அடுத்த வசனமோ ஆயிரம் தலைமுறைக்கு எட்டும் இரக்கத்தைச் சொல்லுகிறது. தங்கள் துன்பத்துக்குப் பிதாக்களையே காரணம் காட்டிய ஜனங்களை, இனி அப்படிப் பேசவேண்டாம் என்று தேவன் கண்டித்தார் (எசேக்கியேல் 18).

2. வியாதி எல்லாம் சாபமா?

பிறவிக்குருடனைக் கண்ட சீஷரும் அந்தத் தாயாரின் கேள்வியைத்தான் கேட்டார்கள்: யார் செய்த பாவம்? அவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார் ஆண்டவர் (யோவான் 9:1-3).

லேவியராகமம் 13, 14-ம் அதிகாரங்களில் குஷ்டம் என்னும் சொல் வஸ்திரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட வருகிறது. ஆகையால் அதை இன்றைய தொழுநோயோடு அப்படியே ஒன்றாக்கக்கூடாது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873-ல் நார்வே தேசத்து மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் கண்டறிந்தார். கொல்லிமலையில் மிஷனெரிக் குடும்பத்தில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயாளிகளின் விரல்களை நோய் அரித்துத் தின்பதில்லை. வலி தெரியாததால் பட்ட காயங்களும் தீப்புண்களுமே விரல்களை அழிக்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையினால், நோயின் வகையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் கிருமி ஒழிகிறது. சாபம் என்று அஞ்சி ஒளித்து வைப்பதே பெரிய கேடு.

3. விடுதலை எங்கே?

மரத்தில் தூக்கப்பட்டவன் சாபத்துக்குட்பட்டவன் என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 21:23). அந்த இடத்தில் கிறிஸ்து நமக்காகத் தொங்கினார். நம்மை மீட்டுக்கொண்டார் (கலாத்தியர் 3:13). அது முடிந்துபோன கிரியை. தாத்தாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் தேடித் தேடி முறிக்க மீதி ஒன்றும் இல்லை.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? நம்முடைய சொந்தப் பாவத்தை அறிக்கையிட வேண்டும் (1 யோவான் 1:9). மந்திரம், தாயத்து, குறிகேட்டல் இருந்தால், எபேசு விசுவாசிகள் தங்கள் புஸ்தகங்களைச் சுட்டெரித்ததுபோல விட்டுவிட வேண்டும் (அப்போஸ்தலர் 19:19). பிறகு தைரியமாய் ஜெபித்து மருந்தும் எடுக்க வேண்டும். எசேக்கியாவின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழத்தைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21).

4. நம்முடைய நாவு

தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் விதியை நம் நாட்டுச் சட்டம் 2019-ல் நீக்கியது. நம் சபைகளிலோ, "அந்தக் குடும்பத்தில் ஏதோ சாபம்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரே வாயிலிருந்து துதியும் சாபமும் வரலாமா? (யாக்கோபு 3:9,10). ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டார் (மாற்கு 1:41). நாம் விலகி நின்று பெயர் வைக்கிறோம்.

அந்தப் பெண் பன்னிரண்டு மாத மருந்தை முடித்தாள். கிருமி ஒழிந்தது. விரல்கள் முழுவதும் நிமிரவில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறாள். ஆனால் தாயார் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "அம்மா, யாருடைய பாவமும் மீதி இல்லை. எல்லாவற்றையும் அவர் சிலுவையில் சுமந்து தீர்த்துவிட்டார்" என்று நாங்கள் சொன்னதை, மருந்து வாங்க வரும் மற்றத் தாய்மாருக்கு அவரே சொல்லுகிறார்.

சிந்திக்க:

* வியாதிப்பட்ட யாரையாவது சாபத்துக்குட்பட்டவர் என்று நான் எண்ணியதுண்டா?
* என் குடும்பத்தைக்குறித்த எந்தப் பயத்தை இன்று சிலுவையண்டையில் விட்டுவிட வேண்டும்?

ஜெபம்: சாபத்தைச் சுமந்து தீர்த்த ஆண்டவரே, எங்கள் பயத்தை நீக்கும். எங்கள் நாவை ஆசீர்வாதத்துக்கென்று காத்துக்கொள்ளும். வியாதியை மறைத்து வாழ்கிறவர்கள் காலதாமதமின்றி வைத்தியத்துக்கு வர வழிசெய்யும். ஆமென்.