கைப்பழக்கம் குறையாமல் இருக்க...

கேள்வி: உத்திரமேரூர் அருகே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வருபவர்களைப் பழக்கும் பொறுப்பு எனக்கு. இங்கே பிரசவங்கள் குறைவு. எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: பிரசவம் குறைந்த இடத்தில்தான் பயிற்சி அதிகம் தேவை. பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையை அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். ஆனால் துடைத்து, தூண்டியும் மூச்சு வராவிட்டால், முதல் நிமிடத்துக்குள் அம்பு பேக்கால் காற்று கொடுத்தாக வேண்டும். 2009-இல் மத்திய அரசு தொடங்கிய நவஜாத சிசு சுரக்ஷா திட்டம் வலியுறுத்துவதும் இதையே. ஒருமுறை வகுப்புக்குப் போய் வந்தால் போதாது. பழகாத கை சில மாதங்களில் தடுமாறும்.

ஆகவே வாரம் ஒருமுறை, டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரசவ அறையிலேயே, பொம்மையை வைத்து, கடிகாரம் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு: ஆக்ஸிடோசின் எங்கே இருக்கிறது, 108-ஐ யார் அழைப்பது, அனுப்புவது காஞ்சிபுரத்துக்கா செங்கல்பட்டுக்கா என்பதெல்லாம் ஒத்திகையில் முடிவாகட்டும்.

நோயாளி முன்னால் யாரையும் கண்டிக்காதீர்கள். பயந்தவர் சந்தேகம் கேட்க மாட்டார். கேட்காத சந்தேகம்தான் உயிருக்கு ஆபத்து.