விறகறிதல்: காழும் மணமும்

இலையும் பூவும் காயும் உள்ளவரை மரத்தை இனங்காண்பது எளிது. வெட்டிப் பிளந்து உலர்த்திக் கட்டாக்கிய பின்னர் எஞ்சுபவை பட்டை, வெட்டுவாய், எடை, மணம் ஆகிய நான்கே. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் வட்டாரங்களில் பிரியாணி இன்றும் பெருமளவில் விறகடுப்பிலேயே ஆக்கப்படுகிறது. தம் போடும்போது மூடியின் மீதும் தணல் இடுவர். ஆதலின் விறகறிவு இங்கு ஏட்டறிவு மட்டுமன்று. சமைப்பவர், உண்பவர் இருவர் நலத்தையும் சார்ந்தது.

முதலில் வெட்டுவாயைக் காணல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. காழ் என்பது வைரம். பனை, தென்னைத் துண்டுகளில் புறம் வன்மையுடையது. அகம் நார்ப்புள்ளிகளோடு மென்மையாக இருக்கும். புளியிலோ வன்மை உள்ளே உள்ளது. இலக்கண ஆசிரியர் கண்ட இப்பகுப்பு விறகுக் கடையிலும் பயன்படுவதாகும்.

அடுத்து நிறமும் பட்டையும். புளியில் அகன்ற வெளிர்மஞ்சள் சாற்றுக்கட்டையின் நடுவே ஒழுங்கற்ற கருஞ்சிவப்பு வைரம் தோன்றும். வேம்பின் வைரம் செந்நிறச் சாயலுடையது. கருவேலம்பட்டை கறுத்து, நெடுக ஆழ்ந்து வெடித்திருக்கும், வெள்வேலம்பட்டை வெளிறியிருக்கும். சீமைக்கருவேலம் முறுகி வளைந்தது. மெல்லிய மஞ்சள் விளிம்பும் கரும்பழுப்பு வைரமும் உடையது. சவுக்கு நேரான கழி. கையில் எடுத்தால் கனக்கும்.

இவ்வட்டாரத்துத் தோல் தொழில் மற்றொரு சோதனையையும் கற்பிக்கிறது. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்றவற்றிலுள்ள துவர்ப்பொருளே தோலைப் பதனிடுகிறது. அத்துவர்நீரில் இரும்பு பட்டால் கருநீலக் கறை படியும். நனைந்த விறகில் இரும்பாணி பதிந்த இடம் கறுத்தால் அதில் துவர் மிகுதி என்று கொள்ளலாம். இது மரத்தின் பெயரைக் கூறாது. ஆயினும் ஐயப்பாட்டைச் சுருக்கும்.

மணத்தை ஆராய்வோர் பழைய மேற்பரப்பை முகர்ந்து பயனில்லை. சிறிது சீவி, புதிய பரப்பை நனைத்து முகர்தல் வேண்டும். சவ்வாது மலைக்குப் பெயர் பெற்றுத் தந்த சந்தனத்திலும் வைரமே மணக்கும்; சாற்றுக்கட்டை மணப்பதில்லை. ஒரே மரத்தின் ஒரு சிம்பு மணக்க, மறு சிம்பு மணமின்றிக் கிடக்கும். எனவே மணம் இருப்பது சான்றாகலாம். மணம் இன்மை எதற்கும் சான்றாகாது.

இவ்வேறுபாட்டை மறப்பதில்தான் ஆபத்து உள்ளது. வீட்டுத் தோட்டங்களிலும் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் வளரும் அரளியின் எல்லா உறுப்புகளும் நஞ்சு. அதன் புகையும் தீங்கு தரும். உலர்ந்த அரளிக் கழியோ பார்வைக்குச் சாதாரணச் சுள்ளி போன்றதே. இனம் அறிய விறகை நாவில் வைத்தலும், எரித்துப் புகையை முகர்தலும் கூடா. வண்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், இரசாயனப் பீப்பாய்கள் ஏற்றி வந்த அடித்தட்டுகள் ஆகியவற்றில் மரம் எதுவென்று அறிந்தாலும் பயனில்லை. அவற்றின் கேடு மேலே ஏறியதில் உள்ளது.

நான்கு அடையாளங்களும் ஒன்றையே சுட்டினால் துணியலாம். ஒன்றேனும் முரண்பட்டால் அவ்விறகை உணவடுப்பிலிருந்து விலக்குக. ஐயம் நீங்காத விறகு எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், நூறு பேர் உண்ணும் தேக்சாவின் கீழ் அதற்கு இடமில்லை.