ஒரு ஜிப் கம்பெனி போட்ட கேஸ்: டேரிஃப் போடும் அதிகாரம் யாருக்கு?

உங்க பேக் ஜிப்பை ஒரு தடவை பாருங்க. பலருக்கு அதுல ஒய்.கே.கே-ன்னு மூணு எழுத்து இருக்கும். அந்த ஒய்-க்கு அர்த்தம் யோஷிதா. ஜப்பான் கம்பெனி. 1970-களில் இந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை, அமெரிக்க அரசு மேலேயே கேஸ் போட்டது. அந்த கேஸின் கேள்விதான் 2025-ல் மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தது: காங்கிரஸைக் கேட்காமல் அதிபர் இறக்குமதி வரி போடலாமா?

(காங்கிரஸ்னா நம்ம ஊர் கட்சி இல்லைங்க. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயரே அதுதான்.)

அரசியலமைப்பு என்ன சொல்லுது?

ஆர்டிகிள் 1, செக்‌ஷன் 8. வரியும் சுங்க வரியும் விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு. வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் காங்கிரஸுக்கே. அதிபரைப் பற்றிப் பேசும் ஆர்டிகிள் 2-ல் ராணுவம் இருக்கு, ஒப்பந்தம் இருக்கு. வரி விதிப்பது பற்றி ஒண்ணுமே இல்ல. இது மறதியில் விட்டுப்போனது இல்ல. தங்களுக்குப் பிரதிநிதி இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போட்டதை எதிர்த்துதான் அந்த நாடே பிறந்தது.

அப்போ அதிபர்கள் எப்படி டேரிஃப் போடுறாங்க? காங்கிரஸ் சட்டம் போட்டு, அதிகாரத்தின் ஒரு பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கு. நம்ம பாஷையில் சொன்னா, ரூட் யூசர் காங்கிரஸ்தான். அதிபருக்கு இருப்பது சூடோ பெர்மிஷன், அதுவும் குறிப்பிட்ட சில கமாண்டுகளுக்கு மட்டும். இப்படிக் கொடுக்கலாமான்னு ஒரு கேள்வி வந்தப்போ, தெளிவான வழிகாட்டு விதி இருந்தால் கொடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 1928-ல் சொல்லிடுச்சு.

பூட்டு வைத்த கதவுகள்

1930-ல் ஸ்மூட்-ஹாலி சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு காங்கிரஸே உட்கார்ந்து வரி நிர்ணயித்த சட்டம் அது. உலக வணிகம் சரிந்துகொண்டிருந்த நேரம். இது இன்னும் மோசமாக்கியது. அதனால் 1934-ல் காங்கிரஸ் வழியை மாற்றியது. மற்ற நாடுகளோடு பேசி வரியைக் குறைக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தது. அதுக்கப்புறம் வந்த முக்கியமான பிரிவுகள்:

- 1962 சட்டம், செக்‌ஷன் 232: நாட்டுப் பாதுகாப்புக்காக வரி. ஆனா முதலில் வணிகத் துறை விசாரணை நடத்தணும். 2018-ல் ஸ்டீலுக்கு 25%, அலுமினியத்துக்கு 10% வந்தது இப்படித்தான்.
- 1974 சட்டம், செக்‌ஷன் 301: ஒரு நாடு நியாயமில்லாமல் வணிகம் செய்தால் வரி. இதுக்கும் விசாரணை வேணும்.
- அதே சட்டம், செக்‌ஷன் 122: வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலில் பெரிய பற்றாக்குறை வந்தால் வரி. அதிகபட்சம் 15%, 150 நாள் மட்டும். நீட்டிக்கணும்னா காங்கிரஸ்கிட்ட வரணும்.

கவனிச்சீங்களா? ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. விசாரணை, சதவீதம், நாள் கணக்கு.

ஜிப் கேஸ்

1971 ஆகஸ்ட் 15. அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை நிறுத்தினார். கூடவே இறக்குமதிக்கு 10% கூடுதல் வரி. டிசம்பரிலேயே அது நீங்கிடுச்சு. ஆனா அதுக்குள்ள கட்டின பணம்? டேரிஃப்பை சுங்கத்தில் கட்டுவது இறக்குமதி செய்பவர்தான். யோஷிதா பணத்தைத் திருப்பிக் கேட்டது.

1974-ல் சுங்க நீதிமன்றத்தில் கம்பெனி ஜெயிச்சது. 1975-ல் அப்பீலில் அரசு ஜெயிச்சது. அரசு காட்டியது 1917-ல் வந்த ஒரு போர்க்காலச் சட்டம். நெருக்கடி நேரத்தில் அதிபர் ‘இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம்’னு அதில் இருந்தது. அந்த வார்த்தைக்குள் இந்த வரியும் அடங்கும்னு அப்பீல் கோர்ட் சொன்னது. ஆனா இது எல்லையில்லாத அதிகாரம் இல்ல என்றும் சொன்னது.

1977-ல் காங்கிரஸ் நெருக்கடிக்காலப் பொருளாதார அதிகாரங்களுக்குத் தனிச் சட்டம் போட்டது. சுருக்கமா ஐஈஈபிஏ. அதே ‘ஒழுங்குபடுத்து’ வார்த்தை இதுலயும் ஏறியது. வரிங்கிற வார்த்தை மட்டும் இல்ல. சதவீத வரம்பும் இல்ல. கிட்டத்தட்ட 50 வருஷம் எந்த அதிபரும் இதை வைத்து டேரிஃப் போடல.

2025

டிரம்ப் போட்டார். முதலில் கனடா, மெக்ஸிகோ, சீனா. ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் குறைந்தது 10%. ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அது 50% ஆனது. திருப்பூரில் தைத்து அமெரிக்காவுக்குப் போகிற பனியனும் அதில் அடக்கம்.

ஒரு ஒயின் இறக்குமதியாளர், கல்வி பொம்மை விற்கும் ஒரு கம்பெனி எனச் சிறு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. அரசு தரப்பு வாதம் லேசானது இல்ல: இறக்குமதியை முழுசா தடை செய்யவே சட்டம் அனுமதிக்குது, அப்போ அதைவிடச் சின்ன நடவடிக்கையான வரியை ஏன் போடக்கூடாது? எதிர்த்தரப்பு பதில்: வரி என்பது சின்ன தடை இல்ல, வேறு வகை அதிகாரம். தடை போட்டால் பொருள் நிற்கும். வரி போட்டால் மக்கள் பணம் கஜானாவுக்குப் போகும். அதைக் கொடுக்கணும்னா காங்கிரஸ் தெளிவா எழுதிக் கொடுக்கணும்.

2026 பிப்ரவரி 20-ல் சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என இந்தப் பக்கம் நின்றது. ஐஈஈபிஏ டேரிஃப்புக்கு அதிகாரம் தராது. அடுத்து டிரம்ப் எடுத்தது செக்‌ஷன் 122-ஐ. அதாவது 150 நாள் பூட்டு இருக்கிற கதவு.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது

கோர்ட் எதுக்கு, காங்கிரஸே தடுத்திருக்கலாமேன்னு தோணும். கஷ்டம். முன்னாடி காங்கிரஸ் தானே ஒரு தீர்மானம் போட்டு நெருக்கடிநிலையை முடிக்க முடிஞ்சது. 1983-ல் வேறொரு வழக்கில் அந்த மாதிரித் தீர்மானங்கள் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இப்போ அதுக்கு அதிபரின் கையெழுத்து வேணும். அவர் வீட்டோ செய்தால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேணும். சாதாரணப் பெரும்பான்மையில் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க அதைவிடப் பெரிய பெரும்பான்மை! அதனாலதான் கொடுக்கும்போதே ஒவ்வொரு வார்த்தையும் முக்கியம்.

அடுத்த தடவை ‘அமெரிக்கா புதிய வரி’ன்னு நியூஸ் வந்தா, சதவீதத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? அதில் என்ன பூட்டு? அந்தப் பூட்டைத் திறந்தாச்சா? அந்த வரி கோர்ட்டில் நிற்குமா விழுமா என்பதில் பாதி அங்கேயே புரிஞ்சிடும்.