தும்பாவில் அம்மா கேட்ட கேள்வி

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நமக்கு அது வராது. நம் மெக்கானிக்கல் பிரிவுக்குப் பயன்படும் ஒரு விஷயத்தை, எங்கள் குடும்பத்தோடு நான் பார்த்து வந்த ஓர் இடத்தை வைத்து எழுதுகிறேன்.

என் ஊர் தாயில்பட்டி. அப்பா ஃபயர் ஆபீசில் ராக்கெட் பிரிவில் மருந்து செலுத்துகிறவர். அம்மா வீட்டிலும் ஆபீசிலும் காகிதக் குழாய் சுருட்டுவார். பத்தாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் வீட்டில் நான்தான் முதல். தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டியிருந்த நாட்களில், சாத்தூரில் ரயிலேறி நாங்கள் நான்கு பேரும் திருவனந்தபுரம் போனோம். கோவிலும் கடலும் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. தும்பா விண்வெளி அருங்காட்சியகத்தை நான்தான் சேர்த்துக் கொண்டேன். அப்பா, “ராக்கெட்டா? அதைத்தானய்யா வருஷம் பூரா பாக்கேன்” என்றார்.

வழியில் பணகுடிப் பக்கம் மகேந்திரகிரி மலை தெரிந்தது. இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின்களை அங்கேதான் சோதிக்கிறார்கள் என்று தங்கைக்குச் சொன்னேன். அவளுக்கு முறுக்கு முக்கியமாக இருந்தது.

தும்பாவில் அருங்காட்சியகம் இருப்பது ஒரு பழைய தேவாலயத்தில். புனித மரிய மகதலேனாள் தேவாலயம். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்குப் பக்கத்தில் போகிறது. அந்தக் கோட்டின் மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் வானத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறக்காது. ராக்கெட் விட்டுத்தான் அளக்க வேண்டும். அதனால்தான் டாக்டர் விக்ரம் சாராபாய் இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார். இடம் கேட்டபோது ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா தேவாலயத்தையும் தன் இல்லத்தையும் விட்டுக் கொடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்காவின் நைக் அப்பாச்சி. ராக்கெட் பாகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைக் காட்டியதும் அப்பாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம்ம ஊரிலும் குழாய்க் கட்டு சைக்கிளில்தானே போகிறது!

நான்கு வருடம் கழித்து, 1967 நவம்பர் 20-ல், நம் நாட்டிலேயே செய்த ரோகிணி ஆர்.எச்.75 பறந்தது. 75 என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில். அப்பா கையை விரித்து அளந்து பார்த்து, “இது நம்ம பேன்சி குழாய் சைஸ்தான்” என்றார். அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொன்றாக நின்று பார்க்கத் தொடங்கினார். எனக்கும் அதுவரை படித்ததெல்லாம் அங்கே வைத்துத்தான் சரியாக விளங்கியது.

அப்பாவின் முதல் கேள்வி, “குச்சி எங்கய்யா?” என்பது. பட்டாசு ராக்கெட்டில் குச்சி எதற்கு? எடையின் மையத்தைப் பின்னால் இழுத்து, வால்போல் காற்றைப் பிடித்து, முனையை மேலே பார்க்க வைப்பதற்கு. குச்சி ஒடிந்தால் ராக்கெட் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போகும். ஆர்.எச். வகை ராக்கெட்டுகளில் அந்த வேலையைச் செய்வது அடியில் உள்ள துடுப்புகள். ராக்கெட் சாய்ந்தால் சாய்ந்த பக்கம் காற்று துடுப்பில் மோதி, மறுபடி நேராக்கும். காற்றே இல்லாத உயரத்துக்குப் போகிற பெரிய ராக்கெட்டுகளில் துடுப்பு பலிக்காது. அங்கே வெளியே வருகிற வாயுவின் திசையைத் திருப்பியோ, பக்கவாட்டில் சிறு எஞ்சின்களை வைத்தோ திருத்துகிறார்கள்.

அடுத்தது மருந்து. நம்ம கரிமருந்தில் வெடியுப்பு, கந்தகம், கரி. கரியும் கந்தகமும் எரிபவை, வெடியுப்பு ஆக்சிஜனைத் தருவது. குழாய்க்குள் காற்று இல்லாமலே எரிவது அதனால்தான். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்திலும் அதே கணக்குதான். பொருட்கள் மட்டும் வேறு. ஆக்சிஜன் தர அம்மோனியம் பெர்குளோரேட், எரிவதற்கு அலுமினியப் பொடி. இரண்டையும் கட்டிப் பிடித்து வைக்க எச்.டி.பி.பி. என்னும் ரப்பர் போன்ற பொருள். அதுவும் சேர்ந்து எரியும். நாம் பொடியாகச் செலுத்திக் கெட்டிக்கிறோம். அவர்கள் மாவுபோல் குழைத்து வார்த்து இறுக வைக்கிறார்கள். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 138 டன். எல்.வி.எம்.3-ன் இரண்டு பக்கமும் நிற்கும் எஸ்.200 ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன்.

மோட்டாரின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை விடுவார்கள். நட்சத்திர வடிவத்திலும் இருக்கும். எரிவது அந்தத் துளையின் சுவரிலிருந்துதான். சுவரின் பரப்பு கூடினால் வாயு கூடும், அழுத்தம் கூடும். மருந்தில் ஒரு விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? விரிசலுக்குள்ளும் நெருப்பு போகும், எரியும் பரப்பு திடீரென்று பெருகும், கூடு தாங்காமல் வெடிக்கும். அப்பா இதைக் கேட்டதும், “சரியாக் கெட்டிக்காத குழாய் பறக்காம வெடிச்சிரும்னு போர்மேன் சொல்வாரு. இதானா சங்கதி” என்றார். முப்பது வருடமாகக் கைக்குத் தெரிந்த விஷயத்துக்கு அன்றுதான் அவருக்குக் காரணம் கிடைத்தது.

எஸ்.எல்.வி.3 மாதிரியின் முன் வெகுநேரம் நின்றோம். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டமும் திட எரிபொருள். 1979 ஆகஸ்ட் 10-ல் விட்டபோது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கசிந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வு, நண்பர்களே! நாம் ஒர்க்‌ஷாப்பில் ‘போதும் விடுடா’ என்று விடுகிற சமாச்சாரம். அடுத்த முறை, 1980 ஜூலை 18-ல், அது 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. திட்ட இயக்குநர் நம் ராமேஸ்வரம் அப்துல் கலாம் என்று சொன்னதும், அம்மா மாதிரியைத் தொட்டுக் கும்பிடப் போனார். தொடக்கூடாது என்று தடுத்தேன்.

அதுவரை அம்மா அதிகம் பேசவில்லை. சுற்றிக் காட்டியவர் மலையாளம் கலந்த தமிழில் விளக்கிக் கொண்டிருந்தார். அம்மா என் சட்டையை இழுத்து, “ஏய்யா, இம்புட்டு மருந்தையும் கலக்குற ஆளு எங்க நிப்பாக? அதைக் கேளு” என்றார்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஆபீசில் மருந்து கலக்கும் அறையில் இருந்தபோது போய்விட்டான். மணி மருந்து சலித்தபோது உராய்வு என்றார்கள். அவனுக்கு அப்போது இருபத்தியோரு வயது. அதிலிருந்து அம்மா வீட்டில் ‘மருந்து’ என்ற சொல்லையே சொல்வதில்லை. ‘அந்தச் சாமான்’ என்பார். தும்பாவில்தான் மறுபடி அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டேன்.

கேட்டேன். அவர் சொன்னார்: கலக்கும்போது அந்தக் கட்டடத்தில் ஆளே இருக்கமாட்டார்கள். தூரத்தில் தனி அறையில் உட்கார்ந்து, திரையில் பார்த்துக்கொண்டே இயந்திரத்தை ஓட்டுவார்கள்.

அம்மா, “ஆளு நிக்காம கலக்கலாமாக்கும்” என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து வேலி ஓரம் உட்கார்ந்துகொண்டார். கடற்கரை வரை வரவில்லை.

அவர்களுக்கும் விபத்து இல்லாமல் இல்லை. 2003 ஆகஸ்டில் பிரேசிலின் அல்காந்தராவில், ஏவுதளத்தில் நின்ற ராக்கெட்டின் ஒரு திட எரிபொருள் மோட்டார் தானாகப் பற்றி 21 பேர் இறந்தார்கள். மருந்துக்குப் பெரிய ராக்கெட், சின்ன ராக்கெட் என்று தெரியாது. உராய்வு, நிலைமின்சாரம், வெயில் ஏதாவது ஒன்று போதும். வித்தியாசம், அது பற்றும் நேரத்தில் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான்.

திரும்பும் ரயிலில் நோட்டில் ஒரு படம் போட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் சல்லடை, நடுவே ஒரு தண்டு. அதைத்தான் என் இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுத்திருக்கிறேன். முதலில் மோட்டார் வைத்து வரைந்தேன். அப்பா பார்த்துவிட்டு, “அலுமினியப் பொடி பறக்குற ரூமுல மோட்டாரா? நீ படிச்சவன்தானா?” என்றார். மோட்டாரை எடுத்து, வெளியிலிருந்து கையால் சுற்றும் கைப்பிடி வைத்தேன். இரும்பு சல்லடைச் சட்டத்தை மரமாக்கினேன், புஷ்ஷைப் பித்தளையாக்கினேன். நிலைமின்சாரம் இறங்க எர்த் கம்பி சேர்த்தேன். வழிகாட்டும் ஆசிரியர், சல்லடையை ஆட்டும்போது வரும் அதிர்வைக் கணக்கிட்டுக் காட்டு என்றிருக்கிறார். மருந்து போட்டு அல்ல, வெறும் மணலும் சுண்ணாம்புப் பொடியும் போட்டுத்தான் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். செலவு எவ்வளவு ஆகும், ஒரு சின்ன ஆபீஸ் வாங்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

போன ஞாயிற்றுக்கிழமை புதிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தண்டு சுவரைத் துளைக்கும் இடத்தில் விரலை வைத்து, “இந்த ஓட்டைக்குள்ள பொடி போய் அடைஞ்சா உரசுமே, அதுக்கு என்ன பண்ணப் போற?” என்றார்.

ஃபெல்ட் சீல் போடலாமா, தோல் வாஷர் போடலாமா என்று பார்த்துக் கொண்டிருக்கிறேன். யாருக்காவது வேறு யோசனை இருந்தால், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள்.